இரண்டு புள்ளி சைபர்

மூன்றாம் இரவு.
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு.
மணி நாலு பத்து.
காற்று திரும்பி
சிப்காட் வாடை ஜன்னலேறி வரும் நேரம்.
பன்னிரண்டு மணிக்குக் குடித்த டீ
இன்னும் பல்லில் துவர்க்கிறது.

கேஸ் ஷீட்டில் எழுத்துகள்
வரிசை கலைந்த எறும்புகள்.
கண்ணைத் திறந்துகொண்டே
ஒரு நொடி தூங்கினேன்.
அந்த நொடிக்குள் முழுசாக ஒரு கனவு:
கெடிலம் பாலத்தடியில் யாரோ
என் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு
ஆற்றின் நெஞ்சைக் கேட்கிறார்கள்.
ஆறு இருமுகிறது.

இருமல் ஆறில்லை, கதவு.
தேவனாம்பட்டினத்திலிருந்து ஓடிவந்திருந்தார்
செதில் காயாத கையோடு ஒருவர்.
தோளில் தன்ஷிகா, ஒன்றரை வயது,
வலிப்பு அவளை உள்ளிருந்து உதறிக்கொண்டிருந்தது.

எடை பத்துக் கிலோ.
கிலோவுக்குப் புள்ளி இரண்டு.
நாலாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.
இரண்டு புள்ளி சைபர் என்றது மனசு.
எழுதியது கை.
இரண்டுக்கும் நடுவே எங்கோ
புள்ளி உதிர்ந்துவிட்டது.

மருந்தை உறிஞ்சப் போன பெர்னதெத் அக்கா
நின்றாள்.
தாளை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.
"டாக்டர், இருபதா?"

அவ்வளவுதான் கேட்டாள்.
குரலில் குற்றமில்லை, வியப்புமில்லை.
சில்லறை குறைகிறதென்று
கடைக்காரர் சொல்வதுபோலக் கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் படித்தது:
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் விலகும், மெய் மட்டும் நிற்கும்.
அன்றைக்கு அது தலைகீழ்.
வைக்காத புள்ளிக்குத்தான்
உயிர் விலக இருந்தது.

வலிப்பு நின்றது.
குழந்தை சிணுங்கி, மூச்சை இழுத்து
அப்படியே தூங்கிப்போனாள்.
பொறாமையாக இருந்தது எனக்கு.
வெட்கமே இல்லை.
அப்பா கும்பிட்டார்: "நீங்க நல்லா இருக்கணும்மா."
கும்பிட்ட கையிலிருந்து ஒரு செதில்
தாளில் விழுந்து மின்னியது,
இரண்டுக்கும் சைபருக்கும் நடுவில்
என்று எழுதினால் அழகாயிருக்கும்.
ஓரத்தில்தான் விழுந்தது.

காலை எட்டரை.
ஸ்கூட்டி என்னை ஓட்டிப் போகிறது.
இம்பீரியல் ரோட்டில்
பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருக்கிறேன்,
நெய்வேலி பஸ் ஹாரனால் உலுக்கி எழுப்புகிறது.

செம்மண்டலத்து வீட்டில்
ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை போர்த்தினால் இரவாகுமா?
மாடிவீட்டுக் குக்கர்
நாலாவது விசிலைப் பாக்கி வைக்கிறது.
அதற்காகக் காத்திருக்கிறேன்.
"பண்ருட்டிப் பலா, கிலோ நாப்பது"
ஒலிபெருக்கி தெருமுனை வரை போய்
திரும்பி வருகிறது.
கூடத்தில் என் மகன் நண்பனை அதட்டுகிறான்:
"கத்தாதடா, எங்கம்மா ராத்திரி."

ஆமாம், ராத்திரிதான்.
இமைக்குள் தாள்கள் புரள்கின்றன,
போன வாரத்துத் தாள்கள், போன வருஷத்துத் தாள்கள்.
யாரும் நிறுத்திக் கேட்காத புள்ளிகள்
எந்த வார்டில், எந்தக் கட்டிலுக்கடியில்
விழுந்து கிடக்கின்றன?

"ஆள் இல்லம்மா, இந்த மாசம் மட்டும்" என்றார்
டூட்டி லிஸ்ட் போடுகிறவர்.
போன மாசமும் அதே மாசம்.

நான்காம் இரவு.
புள்ளியை அழுத்தி வைத்ததில்
தாள் கிழிந்து
அடுத்த நோயாளியின் பக்கத்திலும் இறங்கியிருந்தது.
பெர்னதெத் அக்கா சிரித்தாள்.
அப்போதுதான் பார்த்தேன்,
அவள் கண் இரண்டும் செம்பருத்தி.

"நீங்க எப்பக்கா தூங்குனீங்க?"
விரல் மடக்கி எண்ணினாள்.
மூன்றாவது விரலில் வழி தவறி
"அஞ்சாம் பெட்டுக்கு நெபுலைசர் வைக்கணும்"
என்று எழுந்து போனாள்.

போனது மூன்றாம் பெட்டுக்கு.

நாற்காலியைத் தள்ளிவிட்டு
நானும் பின்னால் போனேன்.